மவுண்டன் பைக் ஹாண்டில்: உங்களுக்கு எவ்வளவு அகலம் பொருந்தும்?

மவுண்டன் பைக் வாங்கப் போகிறவர்கள் கியர் எத்தனை, டிஸ்க் பிறேக்கா, முன்னுக்கு ஷொக் இருக்கிறதா என்றெல்லாம் கேட்பார்கள். ஹாண்டில் எவ்வளவு அகலம் என்று கேட்கிறவரைக் காண்பது அரிது. ஆனால் வண்டியைத் திருப்புவதும், பள்ளத்தில் விழாமல் பிடிப்பதும், பிறேக் அடிப்பதும் அந்த ஒரு குழாயில்தான் நடக்கிறது. அது உங்கள் உடம்புக்குப் பொருந்தாவிட்டால் எத்தனை கியர் இருந்தும் ஓட்டம் சுகப்படாது. தோள் நோகும், கை விறைக்கும், கல்லுப் பாதையில் முன்சில்லு சொல் கேட்காது.

முதலில் அளவு. ஹாண்டிலின் அகலம் என்பது இடது நுனியிலிருந்து வலது நுனி வரை நேர்கோட்டில் உள்ள தூரம். குழாய் வளைந்திருக்கிறதே என்று ரேப்பை அதன் வளைவோடு போட்டு அளக்கக் கூடாது. கணக்கெல்லாம் மில்லிமீற்றரில்தான் பேசுவார்கள். 760 என்றால் 76 சென்ரிமீற்றர். ஏறத்தாழ இரண்டரை அடி.

திருகோணமலையில் ஓடுகிற மவுண்டன் பைக்குகளைப் பார்த்தால் இரண்டு சாதி தெரியும். ஒன்று, ஜப்பானிலிருந்து பாவித்த வண்டியாக வந்து இறங்குகிற பழையவை. இரும்பு பிரேம், நீண்ட கழுத்து, குட்டை ஹாண்டில். மற்றது, புதிதாகக் கடையில் வாங்குகிறவை. அவற்றின் ஹாண்டில் விரித்து வைத்த கைபோல இருக்கும். பழையதில் 560 முதல் 600 மில்லிமீற்றர் வரை இருந்தால், புதியதில் 740, 760, சிலவற்றில் 780 கூட இருக்கும். ஒரே பெயரில் ஓடுகிற இரண்டு வண்டிகளுக்கிடையில் ஒரு சாண் வித்தியாசம். இது வெறும் மோஸ்தர் மாற்றமில்லை. 1980களிலும் 90களிலும் மவுண்டன் பைக் என்றால் முன்னுக்குக் குனிந்து படுத்து மிதிக்கிற வண்டிதான். ஹாண்டிலைக் கழுத்துக் குழாயோடு இணைக்கிற ஸ்ரெம் 120, 130 மில்லிமீற்றர் நீளமாக இருக்கும். நீள ஸ்ரெம் திருப்பலை மந்தமாக்கும். அதனால் குட்டை ஹாண்டிலோடும் சமாளிக்க முடிந்தது. பிறகு பிரேம்கள் நீண்டன, முன்சில்லைப் பிடிக்கிற கவையான போர்க் சரிந்தது, ஸ்ரெம் 35 முதல் 50 வரை சுருங்கியது. ஸ்ரெம் சுருங்கச் சுருங்க ஹாண்டில் விரிந்தது. இந்த இரண்டும் சோடி. ஒன்றை மட்டும் மாற்றினால் மற்றது உதைக்கும். அதைப் பிறகு சொல்கிறேன்.

அகலம் என்ன செய்கிறது என்பதை நிலாவெளிக் கடற்கரையில் நின்றே புரிந்துகொள்ளலாம். வெளியிணைப்பு இயந்திரம் பூட்டிய வள்ளங்களில், இயந்திரத்தைத் திருப்புகிற பிடியில் ஒரு பைப்பைச் செருகி நீட்டி வைத்திருப்பார்கள். பிடி நீண்டால் கடல் எத்தனை இழுத்தாலும் ஒரு கையால் அடக்கலாம். அதற்கு விலையும் உண்டு: கையைக் கூடுதல் தூரம் வீசவேண்டும். ஹாண்டிலும் அப்படியேதான். கணக்காகச் சொன்னால், உள்ளங்கையின் நடு, குழாயின் நுனியிலிருந்து சுமார் 50 மில்லிமீற்றர் உள்ளே இருக்கும். 580 ஹாண்டிலில் நடுவிலிருந்து கைக்குள்ள தூரம் 240. 760 ஹாண்டிலில் 330. முன்சில்லு ஒரு கல்லில் முட்டித் திரும்பப் பார்க்கிறபோது அதைத் தடுக்க 580இல் தேவைப்படுகிற அழுத்தத்தில் நாலில் மூன்று பங்குக்கும் குறைவாகவே 760இல் போதும். அதேவேளை ஹாண்டிலை 20 பாகை திருப்ப, 580இல் கை எட்டரை சென்ரிமீற்றர் அளவு நகர்ந்தால், 760இல் பதினொன்றரை நகரவேண்டும்.

ஆகவே அகல ஹாண்டில் நிதானமானது. கல்லும் வேரும் சில்லைத் தட்டினாலும் வண்டி தன் போக்கில் போகும். குட்டை ஹாண்டில் துடிப்பானது. விரல் அசைந்தால் திரும்பும்; நெரிசலில் அது வசதி, இறக்கத்தில் அது பயம்.

இன்னொரு விடயம் உடம்பின் நிலை. கைகள் விரிந்தால் முழங்கை வெளிப்பக்கம் மடியும், நெஞ்சு தாழும், முன்சில்லின் மேல் பாரம் விழும். வளைவில் முன்சில்லு வழுக்காமல் பிடிப்பதற்கு அந்தப் பாரம் வேண்டும். மடிந்த முழங்கை இன்னொரு ஷொக் மாதிரி வேலை செய்யும். கை ஒடுங்கினால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், நெஞ்சு நிமிரும், பள்ளத்தில் இறங்குகிறபோது அந்த அதிர்ச்சி எல்லாம் மணிக்கட்டுக்கே போகும்.

இதைக் கேட்டதும் அகலம் கூடக்கூட நல்லது என்று தோன்றும். அப்படியில்லை. ஓர் எல்லைக்கு மேல் விரித்தால் முழங்கை மடிய இடமில்லாமல் நேராகிவிடும். கை நேரானால் அது ஷொக் வேலையை விட்டுவிடும். ஹாண்டில் விரிய விரிய உடம்பும் முன்னுக்கு இழுபடும். பிரேம் ஓர் அளவு பெரிதாகிவிட்டது போல இருக்கும். கூர்வளைவில் திரும்புகிறபோது வெளிப்பக்கக் கை எட்டாமல் தோளோடு சேர்ந்து இழுபடும். மணிக்கட்டு வெளிப்பக்கம் கோணலாகும். ஒரு மணித்தியாலம் ஓடி இறங்கிய பிறகு இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே முதுகு இறுகி நொந்தால் ஹாண்டில் உங்களுக்கு அகலம் என்று பெரும்பாலும் நம்பலாம். உள்ளங்கை விறைப்பதற்கு வேறு காரணங்களும் உண்டு: சீற்று முன்னுக்குச் சரிந்திருக்கலாம், கை பிடிக்கிற றப்பர் உறையான கிறிப் மெல்லியதாக இருக்கலாம். அதை மட்டும் வைத்து ஹாண்டிலைக் குற்றம் சொல்ல வேண்டாம்.

பல கம்பனிகள் சிறிய பிரேமுக்கும் பெரிய பிரேமுக்கும் ஒரே ஹாண்டிலைத்தான் பூட்டி அனுப்புகின்றன. ஆறடி ஆளுக்கும் ஐந்தடிப் பிள்ளைக்கும் ஒரே 780. கடையில் வருவதை வெட்டிக்கொள்ளலாம், ஒட்டிக்கொள்ள முடியாது என்பதால் அவர்கள் அகலமாகவே போடுகிறார்கள். ஆகவே வண்டியோடு வந்த அளவை உங்கள் அளவாக நினைக்க வேண்டாம். குள்ளமானவர்களும் தோள் ஒடுங்கியவர்களும் பதின்வயதுப் பிள்ளைகளும் இதனால்தான் அதிகம் கஷ்டப்படுகிறார்கள். சைக்கிள் எனக்கு ஒத்துவரவில்லை என்று ஓட்டத்தையே விட்ட பெண்பிள்ளைகளை அறிவேன். அவர்களில் சிலருக்கு நாலு சென்ரிமீற்றர் குழாயை வெட்டியிருந்தால் போதுமாயிருந்திருக்கும் என்று உறுதியாக நம்புகிறேன்.

உங்கள் அளவைத் தேட இரண்டு வழி. இரண்டுக்கும் காசு செலவில்லை.

முதலாவது, தண்டால். நிலத்தில் குப்புறப் படுத்து, உடம்பைத் தூக்க எந்த இடத்தில் கையை ஊன்றினால் வலு கூட வருகிறதோ அங்கே ஊன்றுங்கள். யோசித்து வைக்காமல் இரண்டு மூன்று தரம் எழும்பித் தாழ்ந்தால் கை தன் இடத்தைத் தானே பிடித்துக்கொள்ளும். அப்படியே நில்லுங்கள். பக்கத்தில் ஒருவரைக் கூப்பிட்டு, ஒரு கையின் வெளி விளிம்பிலிருந்து மற்றக் கையின் வெளி விளிம்பு வரை ரேப்பால் அளக்கச் சொல்லுங்கள். அந்த எண்தான் உங்கள் தொடக்கம். சீமெந்துத் தரையில் சோக்கால் கோடு போட்டுவிட்டு எழும்பியும் அளக்கலாம். தோளின் அகலத்தை மட்டும் அளப்பதைவிட இது நம்பத்தக்கது. கையின் நீளம், நெஞ்சின் அகலம், தசையின் பழக்கம் எல்லாம் இதற்குள் வந்துவிடும்.

இரண்டாவது, உயரம். சென்ரிமீற்றரில் உங்கள் உயரத்தை 4.4 ஆல் பெருக்கினால் மில்லிமீற்றரில் ஓர் அகலம் வரும். சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர்கள் சிலர் பாவிக்கிற கணக்கு இது. 155 சென்ரிமீற்றர் உயரமானவருக்கு 682. 165க்கு 726. ஐந்தடி ஏழு அங்குலம், அதாவது 170க்கு 748. 178க்கு 783. நம் ஊரில் பெரும்பாலான ஆட்களுக்கு 680க்கும் 760க்கும் இடையில்தான் விடை வரும். 800 என்பது உயரமானவர்களுக்கும், மலையிலிருந்து செங்குத்தாக இறக்குகிற போட்டிக்காரருக்கும் உரிய அளவு.

இரண்டு வழியிலும் வந்த எண்கள் ஒத்துவராவிட்டால் பெரியதை எடுத்துக்கொண்டு தொடங்குங்கள். பெரியதைப் பிறகு வெட்டிக் குறைக்கலாம், சிறியதை ஒட்டிக் கூட்ட முடியாது.

உடம்பு தந்த எண்ணைப் பாதை கொஞ்சம் கூட்டும், கொஞ்சம் குறைக்கும். 20, 30 மில்லிமீற்றருக்கு மேல் அது ஆட்டாது. நீங்கள் ஓடுகிற இடத்தை நேர்மையாக நினைத்துப் பாருங்கள். கன்னியாப் பக்கம் வெந்நீர் ஊற்றைத் தாண்டி உள்ளே போகிற கிரவல் பாதைகள், மழை அரித்த வாய்க்கால், சில்லுக்கடியில் உருள்கிற சரளைக்கல்: இங்கே அகலம் உதவும். கடற்கரையை அண்டிய மணலிலும் உதவும். மணலில் முன்சில்லு பாம்புபோல நெளியும். குட்டை ஹாண்டிலில் அந்த நெளிவைத் திருத்தப் போய் அளவுக்கு மேல் திருப்பிவிடுவோம், அடுத்த கணம் நிலத்தில் இருப்போம். குளக்கட்டில் ஓடுகிறவர்களுக்கு எந்த அளவும் சரி.

பற்றைக்காட்டில் கதை வேறு. உடைமுள்ளும் சூரையும் இரு பக்கமும் நெருங்குகிற ஒற்றையடிப் பாதையில் ஹாண்டிலின் நுனியில்தான் உங்கள் சுண்டுவிரல் இருக்கிறது. மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே புகுகிற பாதை உங்களுக்கு வாடிக்கை என்றால் 20 மில்லிமீற்றர் குறைப்பதில் தவறில்லை. நகருக்குள்ளும் அப்படித்தான். சந்தைப் பக்கத்து நெரிசல், நிறுத்தி வைத்த ஓட்டோக்களின் கண்ணாடி, வீதியில் ஆறுதலாக நடக்கிற மாடுகளும் மான்களும். கோட்டைக்குள் மட்டுமல்ல, பஸ் நிலையப் பக்கம் வரை மான் வருகிற ஊரில் ஓடுகிறவர் தன் வண்டியின் அகலத்தைக் கண் மூடியும் அறிந்திருக்கவேண்டும். வீட்டையும் மறக்கக் கூடாது. இரண்டரை அடிக் கதவு என்றால் 762 மில்லிமீற்றர். 780 ஹாண்டிலை அதற்குள்ளால் நேராக உருட்ட முடியாது, சரித்துத்தான் கொண்டுபோகவேண்டும். தினமும் வண்டியை வீட்டுக்குள் ஏற்றுகிறவருக்கு இது சின்ன விடயமில்லை.

காற்றையும் சொல்லவேண்டும். கச்சான் வீசுகிற மாதங்களில் வெளியான வீதியில் எதிர்காற்றில் மிதித்தவர்களுக்குத் தெரியும். விரிந்த கையும் திறந்த நெஞ்சும் பாய் விரித்தது போலத்தான். அதிக நேரம் தார் வீதியில் தூர ஓட்டம் ஓடுகிறவருக்கு 700ஐ ஒட்டிய அளவே சுகம்.

அளவு தெரிந்ததும் குழாயை வெட்ட வாளைத் தேட வேண்டாம். கிறிப்பைத்தான் முதலில் நகர்த்தவேண்டும். சில மாதங்களுக்கு முன் நகரில் ஒரு சைக்கிள் கடையில் நின்றபோது, உயர்தரம் படிக்கிற வயதில் ஒரு பொடியன் புது வண்டியை உருட்டிக்கொண்டு வந்தான். 780 ஹாண்டில்.

"அண்ண, ரெண்டு பக்கமும் மூண்டு இஞ்சி வெட்டி விடுங்கோ. ஒழுங்கைக்குள்ள திருப்ப ஏலாமல் கிடக்கு."

கடைக்காரர் வாளை எடுக்கவில்லை. அலன் கீயை எடுத்தார். "ஆறு இஞ்சி போனா உனக்கு என்ன மிஞ்சும் தம்பி? முதல்ல உள்ளுக்குத் தள்ளி விடுறன். ரெண்டு கிழமை ஓடிப்போட்டு வா" என்றார். பிறேக் பிடியையும் கியர் மாற்றியையும் தளர்த்தி உள்ளே நகர்த்தினார். கிறிப்பின் ஆணியைத் தளர்த்தி அதையும் இரண்டு பக்கமும் 20 மில்லிமீற்றர் உள்ளே தள்ளி இறுக்கினார். வெறும் குழாய் இரு பக்கமும் மூக்கு நீட்டி நின்றது. இப்போது அவன் கை வைப்பது 740 ஹாண்டிலில். பிறகு ஒருநாள் அவனைக் கண்டு கேட்டேன். ஒழுங்கையில் சரியாயிருந்ததாம், உவர்மலை இறக்கத்தில் வண்டி துடித்ததாம். இரண்டு பக்கமும் 10 மில்லிமீற்றர் திரும்ப வெளியே இழுத்து, 760இல் வெட்டியிருந்தான். அன்று கேட்டபடி வெட்டியிருந்தால் 630இல் நின்றிருப்பான்.

நீங்களும் இப்படித்தான் செய்யவேண்டும். ஒவ்வொரு பக்கமும் 5 அல்லது 10 மில்லிமீற்றராக உள்ளே வாருங்கள். ஒவ்வொரு அளவிலும் நீங்கள் வழமையாக ஓடுகிற பாதையையே ஓடுங்கள். பாதை மாறினால் ஒப்பிட முடியாது. முதல் நாள் எந்த மாற்றமும் அந்நியமாகத்தான் இருக்கும், அதை வைத்து முடிவெடுக்காதீர்கள். ஆணி போட்டு இறுக்குகிற கிறிப் இதற்கு வசதி. நுனி மூடிய வெறும் றப்பர் கிறிப் என்றால் மூடிய பகுதியைக் கூரிய கத்தியால் வட்டமாக வெட்டி எடுத்தால்தான் உள்ளே போகும். அடியில் கொஞ்சம் சோப்புத் தண்ணீர் விட்டால் வழுக்கி நகரும். காய்ந்து இறுகும் வரை ஓடக் கூடாது. பிறேக் பிடியைக் கிறிப்போடு சேர்த்து நகர்த்த மறக்காதீர்கள். ஆள்காட்டி விரலை நீட்டினால் பிடியின் நுனிப்பக்கம் விழவேண்டும்.

பழைய ஜப்பான் வண்டிக்கு அகல ஹாண்டில் போட ஆசைப்படுகிறவர்களுக்குக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஹாண்டிலின் நடுப்பகுதி, ஸ்ரெம் கவ்வுகிற இடம், எல்லாவற்றிலும் ஒரே பருமன் இல்லை. பழையவற்றில் பெரும்பாலும் 25.4 மில்லிமீற்றர். இப்போது அதிகம் வருவது 31.8. சிலவற்றில் 35. 25.4 ஸ்ரெம்முக்குள் 31.8 ஹாண்டில் நுழையாது. மெல்லிய ஹாண்டிலைப் பெரிய ஸ்ரெம்மில் தகரத் துண்டு சுற்றி இறுக்குவதும் கூடாது. இறக்கத்தில் ஹாண்டில் சுழன்றால் பல்லுப் போகும். நுனிப்பக்கம் மட்டும் எல்லாம் 22.2தான். அதனால் பழைய பிறேக் பிடியும் கிறிப்பும் புது ஹாண்டிலில் ஏறும்.

அடுத்தது நீளம். பொதுவாகச் சொல்கிற கணக்கு: ஹாண்டில் 20 மில்லிமீற்றர் விரிந்தால் ஸ்ரெம் 10 மில்லிமீற்றர் குறையவேண்டும். 120 ஸ்ரெம்மை வைத்துக்கொண்டு 580ஐ 760 ஆக்கினால் கை எட்டாமல் வண்டியின் மேல் படுத்துவிடுவீர்கள், திருப்பலும் மந்தமாகும். பழைய பிரேம் அதற்காகச் செய்யப்பட்டதில்லை. அத்தகைய வண்டிக்கு 640, 680 என்று நடுவில் நிற்பதே புத்தி. ஸ்ரெம்மையும் கொஞ்சம் சுருக்கினால் இன்னும் நல்லது. பிறேக் வயரும் கியர் வயரும் புது அகலத்துக்கு எட்டுமா என்று பாருங்கள். ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பினால் எந்த வயரும் இழுபடக் கூடாது. இழுபட்டால் திருப்புகிற நேரத்தில் பிறேக் தானாகப் பிடிக்கும். புது வயரும் உறையும் போட்டுவிடுங்கள்.

குட்டை ஹாண்டிலுக்குள் வேறு குழாய் செருகி, வெல்டிங் பிடித்து நீட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம். குழாய் முறிகிறபோது எச்சரிக்கை தராது, உங்கள் முழுப்பாரமும் கையில் இருக்கிற நேரத்தில்தான் முறியும்.

இனி வெட்டு. முதலில் ஹாண்டிலில் எழுதியிருப்பதைப் பாருங்கள். பலவற்றின் நுனியில் அளவுக்கோடுகள் அச்சடித்திருக்கும். எதுவரை வெட்டலாம் என்ற எல்லையும் இருக்கும். கிறிப்பைக் கழற்றி, இரு பக்கமும் ஒரே அளவு குறித்து, குறியைச் சுற்றி ஒட்டு ரேப் ஒன்றைக் குழாயோடு ஒட்டச் சுற்றுங்கள். அதன் விளிம்பைப் பிடித்து வெட்டினால் கோணல் வராது. அலுமினியத்துக்கும் இரும்புக்கும் சாதாரண இரும்பு அரிகிற வாள் போதும். கார்பன் என்றால் நுண்பல் வாளும் முகக்கவசமும் வேண்டும். மெதுவாக, தண்ணீர் தெளித்து அரியவேண்டும், அந்தத் தூள் நெஞ்சுக்குள் போகக் கூடாது. ஒரு பக்கம் வெட்டியதும் துண்டை எடுத்து மற்றப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு அடுத்ததை வெட்டுங்கள். பிறகு அரத்தால் உள்ளும் வெளியும் பிசிர் போக உராயுங்கள். வெட்டு விளிம்பை விரலால் தடவிப் பார்க்கிறபோது தோல் பிடிபடக் கூடாது.

இரும்பு ஹாண்டில் என்றால் இன்னொரு வேலை உண்டு. வெட்டிய இடத்தில் குரோம் பூச்சு இல்லை. திருகோணமலையில் எந்தப் பக்கம் நின்றாலும் உப்புக்காற்று உண்டு. பூசாமல் விட்டால் அடுத்த மாரிக்குள் கிறிப்பின் அடியில் துரு ஊறி வழியும். வெட்டு முகத்தில் பெயின்ற் ஒரு தொடு, உள்ளே கொஞ்சம் கிறீஸ். அலுமினிய ஸ்ரெம்மில் இரும்பு ஆணி இறுக்குகிறபோதும் ஆணியின் புரியில் கிறீஸ் தடவுங்கள். உப்பில் அந்த இரண்டும் ஒன்றையொன்று கவ்விக்கொண்டால் பிறகு கழற்ற ஏலாது. இறுக்கத்தின் அளவு ஸ்ரெம்மிலேயே எழுதியிருக்கும், பெரும்பாலும் 5 நியூட்டன் மீற்றரை ஒட்டி. நாலு ஆணியையும் மாறிமாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்.

பிள்ளைகளின் வண்டியிலும் இதே முறைதான். அவர்கள் வளர்வதால் வெட்டுவதைத் தள்ளிப்போட்டு, முடிந்தவரை கிறிப்பை உள்ளே நகர்த்தியே சமாளியுங்கள். வருடத்துக்கு ஒருமுறை தண்டால் அளவை எடுத்து வெளியே இழுத்துக்கொள்ளலாம். ஆனால் குழாயின் இரு நுனியும் அடைத்திருக்கவேண்டும், பெரியவர் வண்டியானாலும் பிள்ளை வண்டியானாலும். சைக்கிள் சரிந்து விழுகிறபோது ஹாண்டில் திரும்பி நுனி வயிற்றைப் பார்த்து நிற்கும். மூடியில்லாத குழாய் வட்டமாகத் தோலைக் கிழிக்கும். பிள்ளைகளுக்கு ஈரல், மண்ணீரல் காயம்கூட இப்படி வருவதுண்டு. மூடி மலிவான பொருள். கழன்று விழுந்திருந்தால் புதியது வாங்கிச் செருகிவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்கவேண்டும்.